பச்சோந்தி ஏன் திடீரெனச் செத்தது?



சென்ற மாதம் ஒரு மாலை நிகழ்ச்சி முடிந்து கலையகத்தை விட்டுப் புறப்படும் நேரம், பார்க்டேலில் வசிக்கும் ஒரு தாயாரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "அண்ணை, மகன்ர பச்சோந்தி செத்துப்போச்சு. முதல்நாள் இரவும் பூச்சி திண்டது. தான்தான் ஏதோ பிழை விட்டுக் கொண்டுபோட்டன் எண்டு பெடியன் ரெண்டு நாளாய் ஒழுங்காச் சாப்பிடேல்லை. அவனுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

நான் கணக்காளன், மிருக வைத்தியன் அல்லன். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் வாசித்தும், இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும் அறிந்துகொண்டதை வானொலியில் சொன்னேன். அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

பச்சோந்தி என்றால் கட்சி மாறுகிறவர்தான் எமக்கு முதலில் நினைவுக்கு வருவார். இலங்கையின் வரண்ட வலயத்தில் உண்மையான பச்சோந்தி இனம் ஒன்று உண்டு. ஆனால் இங்கே கடைகளில் அதிகம் விற்கப்படுவது யேமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளுக்கு உரியதும், தலையில் உயர்ந்த கொண்டை உள்ளதுமான இனமாகும். "அதன் ஆயுளே அவ்வளவுதானோ?" என்று சிலர் நினைக்கலாம். மடகஸ்காரில் உள்ள ஓர் இனம் முட்டையிலிருந்து வெளிவந்து 4, 5 மாதங்களிலேயே வாழ்ந்து முடித்துவிடுவது உண்மைதான். கடையில் வாங்கும் யேமன் இனமோ நல்ல பராமரிப்பில் 5 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக் கூடியது.

அப்படியானால் அது ஏன் திடீரெனச் சாகிறது? பெரும்பாலும் அது திடீர் மரணமே அன்று. காட்டிலே பலவீனமாகத் தோன்றும் பிராணியைப் பறவையும் பாம்பும் முதலில் பிடிக்கும். ஆகவே பச்சோந்தி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். எமது கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

முதற் காரணம் கல்சியக் குறைபாடு. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு விற்றமின் டி வேண்டும். பச்சோந்தி அதைச் சூரிய ஒளியிலுள்ள யூ.வி.பி. என்னும் புறஊதாக் கதிரைக் கொண்டு தன் தோலில் தயாரிக்கிறது. அந்தக் கதிர் கிடைக்காவிட்டால் இரத்தத்தில் கல்சியம் குறையும். உடல் அதை எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்யும். இது வருமானம் இல்லாமல் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது போன்றது. சேமிப்பு உள்ளவரை வீட்டில் எல்லாம் நன்றாகவே நடக்கும். அது தீர்ந்ததும் தசை நடுங்கும், கால் வளையும், இறுதியில் இதயம் நின்றுவிடும்.

"யன்னலோரம் நல்ல வெயிலில்தானே கூடு இருந்தது" என்றார் அந்தத் தாயார். யன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும், யூ.வி.பி. கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். சாதாரண வெப்ப மின்குமிழிலும் அந்தக் கதிர் இல்லை. அதற்கென விற்கப்படும் விசேட மின்குமிழ்களிலும் பலவற்றில் 6 முதல் 12 மாதங்களில் கதிர் தேய்ந்துவிடும். ஆனால் வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கடையில் வாங்கும் கிரிக்கட் பூச்சிகளில் கல்சியம் மிகக் குறைவு என்பதால் அவற்றின் மேல் கல்சியத் தூள் தூவியே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். பாத்திரத்தில் தேங்கி நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே அறியாது. இலையில் வழியும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் தொடர்மாடி வீட்டுக் காற்று எங்கள் உதடே வெடிக்கும் அளவுக்கு வரண்டுவிடும். அந்த நாட்களில் கூட்டிலுள்ள இலைகளில் நீர் தெளிக்காவிட்டால், கிண்ணம் நிறைய நீர் இருந்தும் பிராணி தாகத்தால் வாடும். குழிவிழுந்த கண்ணும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக மாறுவதும் இதன் அடையாளங்கள்.

மூன்றாவது, முட்டை. யேமன் இனப் பெண் பச்சோந்தி ஆணே இல்லாமலும் முட்டை வைக்கும். ஒரு தடவையில் 20க்கு மேலும் வைப்பதுண்டு. தோண்டிப் புதைக்க ஈரமான ஆழ்மணல் இல்லாவிட்டால் முட்டைகள் வயிற்றிலேயே தங்கி உயிரைப் பறிக்கலாம். ஆணா பெண்ணா என்று அறிய, பின்னங்காற் குதியைப் பாருங்கள். இந்த இனத்தில் ஆணுக்கு அங்கே சிறு முள் போன்ற புடைப்பு இருக்கும்.

நான்காவது, சூடு. ரொறன்ரோவில் வீட்டுச் சொந்தக்காரர் குளிர்காலத்தில் தரவேண்டிய ஆகக் குறைந்த வெப்பம் 21 பாகை செல்சியஸ். எமக்கு அது போதும். பச்சோந்திக்கோ வெயில் காயும் கிளையில் ஏறக்குறைய 30 பாகை வேண்டும். சூடு போதாவிட்டால் சமிபாடு மந்தமாகும். சுவாச நோயும் எளிதில் பிடிக்கும்.

இனி என் தொழில் சார்ந்த ஒரு யோசனை. கூட்டின் அருகே ஒரு கொப்பி வையுங்கள். மின்குமிழ் வாங்கிய திகதி, தின்ற பூச்சிகளின் எண்ணிக்கை, கல்சியம் கொடுத்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். வாரம் ஒருமுறை கிராம் தராசில் நிறுத்து எடையையும் எழுதுங்கள். கண் காணாத நட்டத்தை எண் காட்டிவிடும். எடை தொடர்ந்து இறங்கினாலோ, பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். பிராணியைத் தொட்ட பின் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன சல்மொனெல்லா கிருமியைக் காவக் கூடியவை.

இறந்த பின்னும் காரணம் அறிய வழியுண்டு. உடலை உறையவைக்காமல், ஐஸ் பெட்டியில் குளிராக வைத்து, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொடுத்தால் பிரேத பரிசோதனைக்கு ஒழுங்கு செய்வார். குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வுகூடம் உண்டு. கட்டணத்தை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெடியனின் பச்சோந்தி பரிசோதிக்கப்படவில்லை. ஆகவே எதனால் செத்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அது நோயோடே வாங்கப்பட்டிருக்கவும் கூடும். ஆனால் தாயாருக்கு மறுபடி அழைத்து இப்படிச் சொன்னேன்: "தங்கச்சி, அவன் ஒருநாளும் சாப்பாடு போட மறக்கேல்லை. கண்ணாடி கதிரை மறைக்கும் எண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாங்கிக் குடுத்த பெரியாக்கள் நாங்களெல்லோ கேட்டு அறிஞ்சிருக்க வேணும். 'தம்பி, அது உன்ர பிழை இல்லை' எண்டு அவனுக்குப் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ."

அன்றிரவு அவன் சாப்பிட்டதாக மறுநாள் அறிவித்தார். இன்னொன்று வேண்டும் என்று கேட்கிறானாம். முதலில் கொப்பியை வாங்கிக் கொடுங்கள் என்றேன்.