கண்புரை: முற்றும்வரை காத்திருக்கலாமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

நம் ஊர்ப்புறங்களில் அறுபது வயதைக் கடந்த பெரியவர்களிடம் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: “புரை விழுந்திருக்கு, இன்னும் முத்தல. முத்தட்டும், பார்த்துக்கலாம்.” புரை என்பது மாங்காயைப் போல முற்றிய பின்னரே பறிக்கத்தக்கது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். இன்று அது தவறு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

முதலில் புரை எது என்று பார்ப்போம். கண்ணின் மேல் படரும் சதை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பாவைக்குப் பின்னால் ஏறத்தாழ 4 மி.மீ. தடிமனும் 9 மி.மீ. குறுக்களவும் கொண்ட வில்லை ஒன்று மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அந்த வில்லையே கலங்கிப் போவதுதான் புரை. இவ்வில்லையில் இரத்தக் குழாய் கிடையாது. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு புரதம். மீதி பெரும்பாலும் நீர். புரத மூலக்கூறுகள் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அமைந்திருப்பதால் ஒளி தடையின்றி ஊடுருவுகிறது. வியப்பு என்னவென்றால், தாயின் வயிற்றில் இருக்கும்போது உண்டான புரதங்களே வில்லையின் நடுப்பகுதியில் சாகும்வரை இருக்கின்றன. பழையது கழிந்து புதியது வருவதில்லை. அறுபது எழுபது ஆண்டுகள் உழைத்த புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது, ஒளி சிதறுகிறது. நீரிழிவு, புகைபிடித்தல், வெயிலின் புற ஊதாக் கதிர், கண்ணில் பட்ட அடி, நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இதனை விரைவுபடுத்தும்.

முட்டையின் வெள்ளைக் கரு வேகும் முன் கண்ணாடி போல் இருக்கிறது, வெந்தபின் வெளுத்துவிடுகிறது. வெந்த முட்டையை எந்த மருந்தாலும் பச்சை முட்டையாக்க முடியாது. புரையும் ஏறக்குறைய அப்படியே. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று விற்கப்படுவனவற்றிற்குக் காசு கொடுப்பது வீண். தேனும் தாய்ப்பாலும் விடுவதோ நோய்க்கிருமிகளை விருந்துக்கு அழைப்பதாகும்.

அறிகுறிகளுள் ஒன்று நம்மை ஏமாற்றக்கூடியது. வில்லையின் நடுப்பகுதி இறுகும்போது அதன் ஒளிவிலக்கும் திறன் கூடுகிறது. அதனால் இதுவரை படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டவர் திடீரென்று கண்ணாடி இல்லாமலே நாளிதழ் படிப்பார். என் அப்பத்தாவும் ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரிசியில் கல் பொறுக்கியது. “இளமை திரும்புது தாயி” என்று சிரித்தது. வீட்டார் அனைவரும் மகிழ்ந்தோம். அது புரையின் தொடக்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

முற்றட்டும் என்ற சொல் எங்கிருந்து வந்தது? முன்பு வில்லையை உறையோடு முழுதாக எடுத்தார்கள். நன்கு முற்றிய புரையை எடுப்பது எளிது. வில்லை போனபின் அதன் வேலையைச் செய்ய, சோடாப் புட்டி அடிப்பாகம் போன்ற +10 அளவுக் கண்ணாடி தேவைப்பட்டது. அக்கண்ணாடி பொருள்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவதால் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். தண்ணீர்ச் செம்பை எடுக்க நீட்டிய கை வெறும் காற்றைப் பிடிக்கும். இத்தகைய பார்வைக்காக, ஓரளவு தெரியும் கண்ணை யார்தான் அறுப்பார்கள்? ஆகவே காத்திருக்கச் சொன்னதில் அன்று நியாயம் இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் மேல்மூடி உடைந்து, அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. ஆனால் அந்தச் சில்லுகளைக் கண் பெரிதும் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்தார். பின்னர் புரை அறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்று வைப்பதில்லையா என்று கேட்டாராம். (வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கும் நம்மவர் கவனிக்க!) 1949-ஆம் ஆண்டு நவம்பரில் ரிட்லி முதல் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். மூத்த மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தனர். 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பல் கறையை நீக்கும் கருவியைக் கண்டு, கேளா ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இதனையே ‘பேக்கோ’ என்கிறோம். நம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களோடு அறுவை செய்த அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1992-இல் அதன் துணை நிறுவனமான அரோலேப் உள்நாட்டிலேயே வில்லை செய்யத் தொடங்கியபின், ஏழைகளுக்கும் அது எட்டும் விலைக்கு வந்தது.

ஆகக் காத்திருக்கும் நியாயம் மறைந்துவிட்டது. பேச்சு மட்டும் மறையவில்லை. அந்தப் பேச்சுக்கு எங்கள் வீடு கொடுத்த விலை ஒரு கண்.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பத்தாவின் வலக் கண் பால் போல் வெளுத்திருந்தது. ஒரு நாள் இரவு தலைவலி, வாந்தி, கண் சிவப்பு. பித்தம் என்றார்கள். செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான்தான் கடையில் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்தே மருத்துவமனைக்குப் போனோம். மிகவும் முற்றிய வில்லை நீர்த்துப்போய், அதன் புரதம் உறை வழியே கசிந்து, கண்ணில் ஊறும் நீர் வெளியேறும் பாதையை அடைத்துவிட்டது. அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பட்டுப்போயிற்று. அறுவை செய்தார்கள், வலி நின்றது. பார்வை வரவில்லை. வில்லையை மாற்றலாம், நரம்பை மாற்ற இயலாது என்று மருத்துவர் சொன்னார்.

இடக் கண்ணுக்கு அப்பத்தா எளிதில் இசையவில்லை. “ஒண்ணு போனது போதும், இருக்கிறதையும் தோண்டிப் பார்க்கணுமா?” என்றது. இரண்டு ஆண்டு கழிந்து, சென்ற ஆண்டுதான் சம்மதித்தது. துணைக்குப் போனவள் என்ற முறையில் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் நாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து வில்லையின் அளவைக் கணக்கிட்டார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்; இரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும், ஆண்கள் சிறுநீர்த் தடைக்கு உண்ணும் சில மருந்துகளும் இதில் முக்கியம். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பதில்லை. கண் மட்டும் மரத்துப்போகச் சொட்டு மருந்தோ கண்ணருகே ஊசியோ போடுவார்கள். முகத்தைத் துணியால் மூடுவதால் மூச்சு முட்டுவது போல் தோன்றலாம். இருமல் வந்தால் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். பேக்கோ முறையில் 2 அல்லது 3 மி.மீ. கீறல் போதும், மடித்த வில்லை உள்ளே போய் விரியும். கடினமான புரைக்கு 6, 7 மி.மீ. கீறலிட்டுக் கையாலேயே எடுக்கும் முறையும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தையலின்றி மூடிக்கொள்ளும். தேர்ந்த கைகளில் பலனிலும் குறைந்ததன்று. உள்ளே போன அப்பத்தா அரைமணிக்குள் வெளியே வந்துவிட்டது. “வெளிச்சமா தெரிஞ்சுச்சு, யாரோ தண்ணி ஊத்துனாங்க, அவ்வளவுதான்” என்றது.

மறுநாள் கட்டுப் பிரித்ததும் முதலில் என் தாவணியைத்தான் பார்த்தது. “இது நீலமா? பச்சைன்னுல்ல நினைச்சிருந்தேன்.” மஞ்சளித்த வில்லை நீல ஒளியைத் தடுத்து வந்ததே காரணம். சில நாள் கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்தும், நீர் வடியும், இவை இயல்பு. ஆனால் வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடவேண்டும். கண்ணுக்குள் கிருமி புகுவது அரிது. புகுந்தால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும். சொட்டு மருந்தை ஒரு மாதத்திற்குக் குறையாமல் விட வேண்டியிருந்தது. விடும் முன் கை கழுவவேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்குக் குளிப்பதை மருத்துவர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அப்பத்தாவை அடுப்பங்கரைக்குள் விடாமல் காப்பதுதான்.

சாதாரண வில்லை தொலைவுக்கு மட்டுமே சரிசெய்யப்படுவதால் படிக்கக் கண்ணாடி பின்னரும் வேண்டும். இதனை முன்பே சொல்லாவிட்டால் அறுவை தோற்றது என்று நினைத்துவிடுவார்கள். எடுத்த புரை மீண்டும் வராது. ஆயினும் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வில்லையைத் தாங்கும் உறை மங்கக்கூடும்; லேசர் கதிரால் அதில் சிறு துளையிட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

அப்பத்தா இப்போது பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிறது. வலப் பக்கம் வரும் வண்டி மட்டும் தெரிவதில்லை. சாலையைக் கடக்கும்போது நான் அந்தப் பக்கம் நடக்கிறேன்.