நடவு, அறுவடை நாட்களுக்கு உறைபெட்டியில் வீட்டுச் சமையல்

காவிரி டெல்டாவில் சம்பா நடவு நடைபெறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலும், அறுவடை நடைபெறும் தை மாதத்திலும் விவசாயக் குடும்பத்து மாதர் விடியற்காலையில் வயலுக்குச் சென்றால் பொழுது சாயும் வேளையிலேயே வீடு திரும்புகின்றனர். அந்த வாரங்களில் நிதானமாகச் சமைக்க அவகாசம் இன்மையால், கடைப் பரோட்டாவும் பொட்டல நூடுல்ஸுமே குழந்தைகளுக்கு இரவு ஆகாரமாகி விடுவது பல வீடுகளில் சகஜம். நெல்லும் உளுந்தும் விளைவிக்கும் இல்லங்களில் இவ்வாறு நேர்வது வருந்தத்தக்கதே. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. நூடுல்ஸ் வகைகள் சிலவற்றில், ஒரு சிறு பொட்டலத்திலேயே ஏறக்குறைய 2 கிராம் உப்பு அடங்கியிருக்கிறது.

இதற்குப் பரிகாரம் அநேக வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்ஜின் மேற்பகுதியில் 'பிரீஸர்' என வழங்கும் உறைபெட்டியில் ஐஸ் கட்டிகளைத் தவிர வேறொன்றும் வைக்காதவர்கள் பலர். வேலை ஓய்ந்த ஒரு நாளில் இரு மடங்கு சமைத்து, பாதியை அதில் உறைய வைத்துக்கொண்டால், நடவு நாளில் கால்மணி நேரத்தில் வீட்டுச் சாப்பாடே கிடைக்கும். ஆயினும் உறைபெட்டியின் தன்மையை அறியாமல் உபயோகித்தால் நன்மைக்குப் பதில் வயிற்றுப்போக்கே மிஞ்சும்.

குளிர் கிருமிகளைக் கொன்றுவிடுகிறது என்று பலரும் நினைக்கின்றனர். அது சரியன்று. பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேடில் கிருமிகள் பெருகுவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை சாகாமல் காத்திருக்கும். உறைபெட்டி பண்டத்தை நல்லதாக்குவதில்லை. எந்நிலையில் உள்ளே வைக்கப்பட்டதோ அந்நிலையில் நிறுத்தி வைக்கிறது. ஆகையால் அடுப்பிலிருந்து இறக்கியது முதல் உறைபெட்டியை அடையும் வரையிலுள்ள நேரமே இவ்விஷயத்தில் பிரதானம்.

பெரிய பாத்திரத்தில் வைத்த சாம்பார் தானாக ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்திலேயே கிருமிகள் பெருகுகின்றன. சோற்றில் இந்த அபாயம் அதிகம். கொதிநீரிலும் சாகாத ஒருவகை நுண்கிருமி வித்துக்கள் அரிசியில் உண்டு. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் மறுபடி சுடவைத்தாலும் எளிதில் அழியாது. எனவே சமைத்த பண்டம் 2 மணி நேரத்துக்குள்ளும், வெயில் 32 டிகிரிக்கு மேல் காயும் நாட்களில் 1 மணி நேரத்துக்குள்ளும் குளிருக்குள் சென்றாக வேண்டும். சூடான பாத்திரத்தை அப்படியே வைத்தால் அருகிலுள்ளவையும் வெதுவெதுப்பாகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நியாயந்தான். ஆனால் அதற்காக இரவு முழுதும் அடுப்படியில் விட்டுவைப்பது அதைவிடக் கெடுதல். குழம்பை அகன்ற தட்டுகளிலும் சிறு பாத்திரங்களிலுமாகப் பிரித்து, குளிர்ந்த நீர் நிரம்பிய அண்டாவில் மிதக்கவிட்டு அடிக்கடி கிளறினால் அரைமணியில் ஆறிவிடும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறியின் கீழ் வைக்கலாம்.

விரைவில் உறைவதால் மற்றொரு லாபமும் உண்டு. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் 1912-ஆம் ஆண்டுக்குப் பின் சில வருஷங்கள் கனடாவின் லாப்ரடார் பிரதேசத்தில் வசித்தபோது, அங்குள்ள பூர்வகுடிகள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடிப்பொழுதில் உறைவதையும், பல வாரங்களுக்குப் பின்னும் ருசி குன்றாதிருப்பதையும் கண்டார். மெதுவாக உறைந்தால் பண்டத்திலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாகி அதன் சதையைக் கிழித்துவிடும்; விரைவாக உறைந்தால் படிகங்கள் பொடியாக இருக்கும். இக்கருத்தைக் கொண்டு அவர் அமைத்த யந்திரங்களின் பயனாக 1930-இல் அந்நாட்டுக் கடைகளில் உறைந்த காய்கறி விற்பனைக்கு வந்தது. நமது வீட்டு உறைபெட்டிக்கு அத்தகைய வேகம் இல்லை. ஆயினும் ஒரு வேளைக்குப் போதுமான அளவைக் கெட்டியான உணவுப் பையிலிட்டு, ஓர் அங்குலக் கனத்துக்கு மேற்படாமல் தட்டையாகப் படுக்க வைத்தால் அதில் பாதிப் பலனாவது கிட்டும். நீர் உறையும்போது சுமார் நூற்றுக்கு 9 பங்கு விரிவடையும். ஆதலால் பையிலும் டப்பாவிலும் இரண்டு விரற்கடை இடம் விடவேண்டும். கண்ணாடிப் புட்டி வெடித்துவிடும். பண்டத்தின் பெயரையும் தேதியையும் மேலே எழுதி ஒட்டாவிட்டால், ஒரு மாதத்துக்குப் பின் ரசப்பொடி வதக்கலா, வத்தக்குழம்பா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

எல்லாப் பண்டமும் இதற்கு ஏற்றதன்று. பருப்பு, வேகவைத்த கொண்டைக்கடலை, வெங்காயமும் தக்காளியும் வதக்கிய விழுது, இட்லி, துருவிய தேங்காய் ஆகியவை நன்றாக நிற்கும். உருளைக்கிழங்கு மாவுபோல் உதிரும். வெள்ளரி, பூசணி குழைந்துவிடும். தயிரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தவை திரிந்தாற்போல் பிரியும். தேங்காய் அரைத்து ஊற்றுவதையும் தாளிப்பதையும் உண்ணும் நாளுக்கு ஒத்திவைப்பது உத்தமம். கடுகும் கறிவேப்பிலையும் அப்போது பொரிந்தால்தான் பழைய பண்டம் என்ற எண்ணமே எழாது.

தை மாதத்தில் மலிவாகும் பச்சை மொச்சை, துவரை, பட்டாணி ஆகியவற்றைப் பச்சையாகவே உறைய வைத்தால் சில வாரங்களில் நிறமும் மணமும் கெடும். காயிலுள்ள நொதிப்பொருள்கள் குளிரிலும் மெல்ல வேலை செய்வதே காரணம். உரித்த பட்டாணியைக் கொதிநீரில் ஒன்றரை நிமிஷமும், பருமனான மொச்சையை 2 முதல் 4 நிமிஷம் வரையிலும் அமிழ்த்தி, உடனே ஐஸ் நீரில் கொட்டி, ஈரம் போகத் துணியில் உலர்த்திப் பையிலிட வேண்டும்.

தனிக்கதவுள்ள உறைபெட்டியில் சமைத்த உணவு இரண்டு மூன்று மாதம் ருசி குன்றாமல் இருக்கும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் உள்ளறை அவ்வளவு குளிர்வதில்லை. அதில் இரு வாரங்களுக்கு மேல் வைப்பது உசிதமன்று. உபயோகிக்கும் நாளுக்கு முந்திய இரவே பையைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றலாம். அவசரமாயின் கட்டியாகவே வாணலியிலிட்டுச் சிறிது நீர் தெளித்து உருக்கலாம். எவ்வாறாயினும் நடுப்பகுதியும் தளதளவென்று கொதிக்க வேண்டும். இட்லியை மறுபடி ஆவியில் வைத்தால் போதும். மேடைமீது வைத்து இளகவிடுவதும், சுடவைத்து மிஞ்சியதைத் திரும்ப உறைய வைப்பதும் கூடா.

இனி மின்சாரம். கிராமங்களில் இதுவே பெரிய சந்தேகம். நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறவாதிருந்தால், மின்சாரமின்றி சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் உறைநிலையில் இருக்கும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் உள்ளறைக்கு இக்கணக்கு பொருந்தாது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வீசியபின் டெல்டாவின் பல கிராமங்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. அத்தகைய காலத்தில் வற்றலும் வடகமுமே கைகொடுக்கும். ஆகையால் அவற்றை இடுவதை இதன் பொருட்டு நிறுத்தலாகாது.

வீட்டில் ஆளில்லாத போது மின்சாரம் நின்று வந்ததா என்றறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. சிறு கிண்ணத்தில் நீரை உறையவிட்டு, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து உறைபெட்டியில் விட்டுவைக்கவும். நாணயம் மேலேயே இருந்தால் பண்டம் பழுதில்லை. அடியில் அமிழ்ந்திருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்ததென்று பொருள். வாசனை நன்றாயிருப்பினும் அவற்றை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும்.