இரண்டு பாராசூட், மூன்று பேர்

விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பாராசூட் இரண்டுதான் இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலம். சி-47 ரகச் சரக்கு விமானம் ஒன்று, முள்கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் பறந்துகொண்டிருந்தது. வழியில் ஓர் இன்ஜின் நின்றுவிட்டது. விமானிக்கு ஒரு பாராசூட், துணை விமானிக்கு ஒரு பாராசூட். சரக்கோடு சரக்காக ஏறி வந்த கறுப்பினப் படைவீரருக்கு ஒன்றும் இல்லை. பாரம் குறையட்டும் என்று முள்கம்பிகளை வெளியே தள்ளினார்கள். விமானம் எப்படியோ பத்திரமாகத் தரை சேர்ந்தது.

அந்த மூன்றாவது ஆள் லாரன்ஸ் ப்ரூக்ஸ். நூறு வயதைத் தாண்டிய பிறகும் இந்தக் கதையைச் சிரிப்போடுதான் சொன்னார். அந்த இருவரும் குதித்திருந்தால், அவர்களில் ஒருவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தானும் குதித்திருப்பேன் என்பார். கேட்பவர்களும் சிரிப்பார்கள். மூன்று பேர் ஏறிய விமானத்தில் ஏன் இரண்டு பாராசூட் மட்டும் இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் இரண்டாம் உலகப் போர் வீரர்களில் மிக மூத்தவர் என்று அறியப்பட்ட ப்ரூக்ஸ், 2022 ஜனவரி 5 அன்று 112 வயதில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் காலமானார். அந்நகரில் உள்ள தேசிய இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் அவருடைய நினைவுகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தளபதிகளின் நினைவுக் குறிப்புகள் நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சமையல் செய்தவர், துணி துவைத்தவர், ரோடு போட்டவர் போரை எப்படிப் பார்த்தார் என்பது அரிதாகத்தான் பதிவாகிறது. அதனால்தான் இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுதத் தோன்றியது.

பருத்திக் காடும் பள்ளிக்கூடமும்

1909 செப்டம்பர் 12 அன்று லூசியானா மாநிலத்தின் நார்வுட் என்ற சிற்றூரில் பிறந்தார் ப்ரூக்ஸ். பதினைந்து பிள்ளைகளில் ஒருவர். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பக்கத்து மாநிலமான மிசிசிப்பிக்குப் பிழைப்புத் தேடிப் போனது. பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்தது. வீட்டில் பெற்றோர் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் படிப்பு.

பள்ளிக்கூடம் தூரம் என்பதை ஏதோ பூகோளப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய மிசிசிப்பியில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. பணம் முதல் பள்ளிக்குப் போகும். இரண்டாவது பள்ளி பல ஊர்களில் தேவாலயத்தின் ஒரு மூலையில் நடக்கும். பருத்தி எடுப்பு வந்தால் அதுவும் மூடிக்கிடக்கும். ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடம் சேரியிலிருந்து எத்தனை தூரம் என்று நம் பாட்டன்களைக் கேட்டால், அவர்களும் மைல் கணக்கில் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பழைய பண்ணைகளிலேயே வாரத்துக்கு உழைத்தார்கள். விதை, கலப்பை, கோவேறு கழுதை எல்லாம் நிலக்காரருடையவை. சாப்பாட்டுக்கு மாவும் உப்பும் கடனாக வாங்கும் கடையும் பல இடங்களில் அவருடையதே. அறுவடை முடிந்ததும் கணக்கு பார்ப்பார்கள். கணக்குப் புத்தகம் நிலக்காரர் கையில் இருக்கும், உழைத்தவருக்கோ எழுத்து தெரியாது. ஆண்டு முழுக்கப் பாடுபட்டும் கடன் பாக்கி என்று கணக்கு முடியும். கடன் இருக்கிறவரை பண்ணையை விட்டுப் போக முடியாது.

தஞ்சை வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, வந்த பிறகும்கூட, பண்ணையாள் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். இரண்டும் ஒன்றல்ல. அங்கே நிறம், இங்கே சாதி. கடன் கணக்கு எழுதிய கை மட்டும் ஒரே மாதிரி வேலை செய்தது.

பதினைந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்லோரும் உழைத்தால்தான் அடுப்பு எரியும். விவசாயக் கிராமத்தில் வளர்ந்த ப்ரூக்ஸ், பெரியவரானதும் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்தபோதுதான், 1940இல், ராணுவத்தின் கட்டாய ஆள்சேர்ப்பு அழைப்பு வந்தது.

சீருடைக்குள்ளும் அதே வேலை

ஓராண்டுச் சேவை முடித்து 1941 நவம்பரில் வெளியே வந்தார். அடுத்த மாதமே, டிசம்பர் 7 அன்று, ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறுபடியும் சீருடை போட வேண்டியதாயிற்று. இம்முறை கடல் கடந்து, ஆஸ்திரேலியா வழியாக நியூகினிக்கும் பிறகு பிலிப்பைன்சுக்கும்.

அமெரிக்க ராணுவம் அப்போது நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. வெள்ளையர் பிரிவு தனி, கறுப்பர் பிரிவு தனி. கறுப்பர்களுக்குத் துப்பாக்கியை நம்பிக் கொடுக்கலாமா என்பதே உயர் அதிகாரிகளுக்குச் சந்தேகமாக இருந்தது. கப்பலில் சரக்கு இறக்குவது, லாரி ஓட்டுவது, சாலை போடுவது, பாலம் கட்டுவது, பிணம் புதைப்பது ஆகிய வேலைகளுக்குத்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அனுப்பப்பட்டார்கள். ப்ரூக்ஸ் இருந்த 91ஆவது பொறியாளர் பிரிவும் பெரும்பாலும் கறுப்பர்களைக் கொண்டது. பாலமும் சாலையும் விமான ஓடுதளமும் அமைப்பது அதன் பணி.

அந்தப் பிரிவுக்குள்ளும் ப்ரூக்ஸுக்குக் கிடைத்தது இன்னொரு வேலை. மூன்று வெள்ளை அதிகாரிகளுக்கு ஏவலாள். அவர்களுக்குச் சமைக்க வேண்டும், துணிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும். மிசிசிப்பியில் வெள்ளைக்காரர் வீட்டில் ஒரு கறுப்பர் செய்த அதே வேலையை, நியூகினிக் காட்டில் சீருடையோடு செய்தார். முன்களத்தில் நேருக்கு நேர் சுடும் நிலை வராததைத் தன் அதிர்ஷ்டமாகவே அவர் கருதினார். ஆனால் குண்டுக்கு முன்களம், பின்களம் என்ற வேறுபாடு தெரியாது. வானத்தில் வரும் ஓசையை வைத்தே அது ஜப்பான் விமானமா, நம்முடையதா என்று பிரித்தறியப் பழகிக்கொண்டதையும், பதுங்குகுழி தோண்டியதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

அவர் சொன்னதில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது ஆஸ்திரேலியாவைப் பற்றியது. சொந்த நாட்டு வெள்ளையரைவிட ஆஸ்திரேலிய வெள்ளையர் தன்னை நன்றாக நடத்தினார்கள் என்கிறார். அந்த நாட்டின் அன்றைய கொள்கை என்ன தெரியுமா? வெள்ளையரல்லாதார் குடியேறவே கூடாது என்பது. கறுப்பினப் படையினரை அனுப்ப வேண்டாம் என்று அந்நாட்டு அரசு முதலில் தயங்கியது. தன் மண்ணின் பூர்வகுடிகளை அது நடத்திய விதத்தைச் சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட நாட்டிலேயே ஒரு மனிதருக்கு, பரவாயில்லை, இங்கே மரியாதை கிடைக்கிறது என்று தோன்றியிருக்கிறது என்றால், அவர் புறப்பட்டு வந்த ஊர் எப்படி இருந்திருக்கும்?

அவருடைய பேச்சில் கசப்பு குறைவு. நல்லதும் கெட்டதும் நடந்தன, எல்லாவற்றையும் மறக்கப் பார்த்தேன் என்ற தோரணையில் கடந்துபோவார். நம் வீட்டுப் பெரியவர்களும் இப்படித்தான். தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்ததா என்று கேட்டால், அதெல்லாம் அந்தக் காலம், விடு என்பார்கள். அவமானத்தைப் பேரப்பிள்ளையிடம் திரும்பச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? மௌனமாக இருக்கிறார்கள் என்பதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அவர்களுடைய சிரிப்பையும் கவனமாகக் கேட்க வேண்டும்.

போர் முடிந்த பிறகு

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 12 லட்சம் கறுப்பர்கள் அமெரிக்கப் படையில் பணியாற்றினார்கள். வெளியே பாசிசத்தை வெல்வோம், உள்ளே நிறவெறியையும் வெல்வோம் என்று 1942இல் கறுப்பர்களின் பத்திரிகை ஒன்று இரட்டை வெற்றி இயக்கத்தையே தொடங்கியது. முதல் வெற்றி 1945இல் வந்தது.

இரண்டாவது என்னவாயிற்று என்பதற்கு ஐசக் வுடார்ட் சாட்சி. பசிபிக் போர்முனையில் பணியாற்றிய அவர், 1946 பிப்ரவரி 12 அன்று ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அன்றே, சீருடையைக்கூடக் கழற்றாமல், பேருந்தில் ஊருக்குப் புறப்பட்டார். வழியில் கழிப்பறைக்குப் போக நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநரோடு வாய்த்தகராறு. தெற்கு கரோலினாவில் ஒரு சிற்றூரில் அவரை இறக்கிப் போலீஸ் பிடித்தது. தடியால் அடித்ததில் இரண்டு கண்களும் போயின. அடித்த காவல் அதிகாரியை, வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இந்தச் சம்பவம் அதிபர் ட்ரூமனை உலுக்கியது. 1948 ஜூலை 26 அன்று ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை நீக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட்டதற்குப் பின்னால் வுடார்டின் கண்களும் உண்டு.

போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புக்கும் வீட்டுக்கும் அரசு உதவும் என்று 1944இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கடன் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் பார்த்தபோது, அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டு சதவீதம் அல்ல, இரண்டே இரண்டு கடன். சட்டத்தை எழுதுகிறவர் ஒருவர், அதை மேசையில் வைத்து விநியோகிக்கிறவர் வேறொருவர் என்பது நமக்குப் புதிதல்ல. மாணவர்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1945 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட ப்ரூக்ஸ், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 2005இல் கத்ரீனா புயலில் வீடு போயிற்று. பிறகு சில ஆண்டுகளில் மனைவியையும் இழந்தார். 105 வயதிலிருந்து அருங்காட்சியகம் ஆண்டுதோறும் அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடியது. கரோனா காலத்தில் கூட்டம் கூட முடியாதபோது, வீட்டு வாசலில் அவரை உட்கார வைத்துத் தெருவில் அணிவகுப்பு நடத்தினார்கள். நாடெங்குமிருந்து வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்தன. நல்ல விஷயம்தான். 35 வயதில் படையிலிருந்து திரும்பியபோது யாராவது அட்டை அனுப்பினார்களா என்ற எண்ணமும் எனக்கு வந்துபோகிறது.

நம் பட்டாளத்தார்கள்

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். வீர இனங்கள், வீரமற்ற இனங்கள் என்று ஆங்கிலேயர் பிரித்த கொள்கையால் 1892 முதல் மகர்களுக்குப் படையில் கதவு சாத்தப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது, முடிந்ததும் மூடியது. 1941இல் மறுபடி போர், மறுபடி தேவை. மகர் படைப்பிரிவு அமைய அம்பேத்கர் விடாமல் வலியுறுத்தினார். 1943இல் உருவான சமார் படைப்பிரிவு பர்மா முனையில் போரிட்டது, 1946இல் கலைக்கப்பட்டது. அதே 1946இல்தான் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலைக் கேட்டிருந்தார்.

தமிழ்நாட்டிலும் இந்த வரலாறு உண்டு. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில் 19ஆம் நூற்றாண்டிலேயே பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று பொறித்த சிறு கல்வெட்டுகளைச் சில ஊர்களில் இன்னும் பார்க்கலாம். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது.

எங்கள் தெருவில் ஒரு மிலிட்டரி தாத்தா இருந்தார். வளைந்துபோன அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று அவர் வீட்டு உறியில் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாலைந்து பையன்கள் அவரைச் சூழ்ந்துகொள்வோம். ஒருநாள் நான்தான் கேட்டேன்.

“தாத்தா, சண்டையில எத்தன பேரச் சுட்டீங்க?”

“சுடலடா பேராண்டி. மணிப்பூரு பக்கம் ரோடு போட்டேன். மழையில கரைஞ்சு போவும், திரும்பப் போடுவோம்.”

எங்களுக்குச் சப்பென்று போய்விட்டது. விளையாட ஓடிவிட்டோம். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.