நாடுகளின் பிரிவும் வீட்டுச் சேமிப்பும்

ஒரு நாடு கூட்டரசை விட்டு விலகும்போது நாளேடுகள் கொடியைப் பற்றியும் எல்லையைப் பற்றியும் ஆட்சியுரிமையைப் பற்றியும் எழுதும். குடும்பத்தை நடத்துவோர் கேட்கும் கேள்வியோ வேறு: அரிசி விலை என்னாகும்? கையிலுள்ள பணம் செல்லுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அப்பிரிவை ஒட்டி எழுந்த நாணய மாற்றம் பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்ட வீடுகளை எவ்வாறு தொட்டது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அந்நாளில் மலாயா, சிங்கப்பூர், சரவாக், சபா, புருணை ஆகிய ஐந்து பகுதிகளிலும் ஒரே வெள்ளி புழங்கியது. அதனை வெளியிட்டது ஒரு பொது நாணய வாரியம். அவ்வெள்ளி பிரிட்டிஷ் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்னி என்பது கணக்கு. ஈப்போவில் வாங்கிய சம்பளத்தைச் சிங்கப்பூர்க் கடையில் அப்படியே செலவிட முடிந்தது.

பிரிவுக்குப் பின்னரும் ஒரே நாணயத்தைத் தொடரலாமா என்று இரு அரசுகளும் பேசின. சேமிப்பு இருப்புகளை யார் பெயரில் வைப்பது, யார் ஆள்வது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. ஆகவே 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தத்தம் நாணயங்களை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கொன்று சம மதிப்புடையவை. மலேசிய நாணயத்தைப் பேங்க் நெகாரா வெளியிட்டது. அதன் மதிப்பு தங்கத்தின் அளவால் வரையறுக்கப்பட்டது. பழைய தாளும் புதிய தாளும் சில மாதங்கள் கடைத்தெருவில் கலந்தே புழங்கின. வெள்ளி என்றால் வெள்ளிதான் என்று மக்கள் எண்ணினர்.

அவ்வெண்ணம் ஐந்து மாதங்களில் உடைந்தது. 1967 நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைத்தது. மலேசியா தன் புதிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்கவில்லை. பழைய வெள்ளியோ இன்னும் பவுண்டோடு பிணைந்திருந்தது. பவுண்டு இறங்கியதும் அதுவும் இறங்கியது. பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய நாணயத்தில் 85 காசு என அறிவிக்கப்பட்டது.

இதனால் இழந்தவர் யார் என்பதே இங்குக் கருத வேண்டியது. வங்கிக் கணக்கில் பணம் வைத்திருந்தவருக்கு இக்குறைப்பு இல்லை. 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியில் தொழிலாளியின் பெயரில் சேர்ந்திருந்த தொகையும் குறையவில்லை. மனைவியின் கழுத்திலிருந்த தங்கமும் தப்பியது. குறைந்தது கையிலிருந்த பழைய தாள் மட்டுமே. தோட்ட லயத்தில் வாழ்ந்தவர்க்கு வங்கி என்பது பட்டணத்து அலுவலகம். சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ ஒரு நாள் கூலியை விட்டுச் சென்றால்தான் அதன் வாசலை மிதிக்க முடியும். ஆகவே மகளின் திருமணத்துக்கும் மகனின் படிப்புக்கும் சேர்த்த பணம் தகரப்பெட்டிக்குள் இருப்பது இயல்பு. பெட்டியில் பழைய தாளாக 200 வெள்ளி வைத்திருந்தவர் ஒரே நாளில் அதனை 170 வெள்ளியாகக் கண்டார். போன 30 வெள்ளி பல நாள் பால்மரம் சீவிய கூலி. ரப்பர் விலை சரிந்திருந்த அவ்வாண்டில் அதனை மீண்டும் சேர்ப்பது எளிதன்று. நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் தொழிற்கட்சி நடத்திய கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்கள் பலியானதற்கு இவ்விழப்பே உடனடிக் காரணம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். 15 காசு இழப்பை உண்டாக்கியது சிங்கப்பூரின் பிரிவு அன்று, இலண்டனின் முடிவே. ஆயினும் பழைய கூட்டமைப்பு முடிந்து புதியவை தோன்றும் இடைக்காலத்தில், பழைய ஏற்பாட்டின் தாளைப் பிடித்திருந்தவரே அதன் சுமையையும் தாங்கினார். செய்தி அறிந்தோர் முன்னதாகவே மாற்றிக்கொண்டிருக்க முடியும். செய்தி எட்டாதோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

பிரிவின் நீண்டகால விளைவு வேறு வகையானது. மலேசிய, சிங்கப்பூர் நாணயங்களின் சம மாற்று ஏற்பாடு 1973 மே மாதத்தில் முடிவுற்றது. அதன்பின் இரண்டும் தனித்தனி வழியில் சென்றன. இரு நாடுகளின் பொருளாதாரக் கொள்கைகள் பல பத்தாண்டுகளாக வேறுபட்டதன் விளைவாக, இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் தர வேண்டியுள்ளது. சிங்கப்பூரில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் பேராக்கிலுள்ள பெற்றோருக்குப் பெருகி வருகிறது. அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு அதே அளவில் செலவு பெருகுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டிஷ் மக்கள் 2016 ஜூன் 23ஆம் நாள் வாக்களித்தபோதும் இதுவே நிகழ்ந்தது. விலகல் நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 31ஆம் நாள்தான். பவுண்டின் மதிப்போ வாக்கெடுப்புக்கு மறுநாளே சரிந்தது. பிற நாட்டு உணவையும் பொருளையும் வாங்கும் பிரிட்டிஷ் குடும்பம் கூடுதலாகக் கொடுத்தது. பிரிட்டனில் படிக்கும் பிள்ளைக்குப் பவுண்டில் கட்டணம் செலுத்தும் ஈப்போ பெற்றோருக்கோ சுமை சற்றுக் குறைந்தது.

ஆகவே இத்தகைய செய்தி வரும்போது ஒவ்வொரு வீடும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: நம் வருமானம் எந்த நாணயத்தில் வருகிறது? நம் சேமிப்பு எந்த நாணயத்தில், எந்த வடிவில் உள்ளது? நம் கடனும் செலவும் எந்த நாணயத்தில் உள்ளன? மூன்றும் ஒன்றாயின் அதிர்ச்சி பெரும்பாலும் விலைவாசி வழியாகவே வரும். அவை வேறுபடுமாயின் இழப்பும் ஆதாயமும் நேரே கைக்கு வந்து சேரும். 1967இல் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோர்க்கு இக்கேள்விகளை எடுத்துச் சொல்ல ஆளில்லை. தாய்மொழியில் பொருளியலைப் பேச வேண்டிய தேவை அங்கிருந்தே தொடங்குகிறது.