ஊடுபயிரும் முதலீடும்

நுழையும்முன்

பொருளை ஈட்டுவதைப் போலவே, ஈட்டிய பொருளைக் காப்பதும் பெருக்குவதும் கற்றுக்கொள்ள வேண்டியவை. ஏற்றமும் இறக்கமும் நிறைந்த பங்குச்சந்தையில் முதலீட்டாளர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் எவை? பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளிலிருந்து அவற்றை அறியத் தொடங்கலாம்.

தோப்பு உணர்த்தும் உண்மை

ஆனைமலையின் அடிவாரத்தில் பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத்தால் வளம்பெற்றது பொள்ளாச்சி வட்டாரம். இளநீர், தேங்காய், கொப்பரை, கயிறு எனப் பல தொழில்கள் இங்குத் தென்னையையே நம்பியுள்ளன. 2016ஆம் ஆண்டு, சுருள் வெள்ளை ஈ இந்தியாவிலேயே முதன்முதலாக இவ்வட்டாரத் தென்னைகளில்தான் கண்டறியப்பட்டது. பின்னர் வேர்வாடல் நோயும் பல தோப்புகளைத் தாக்கியது. இவற்றோடு தேங்காய் விலையின் ஏற்ற இறக்கமும் சேரும்போது, தென்னையை மட்டுமே நம்பிய குடும்பத்தின் வருவாய் முழுவதும் ஆட்டம் காண்கிறது.

இதனை உணர்ந்த உழவர்கள் தென்னைக்கு இடையே சாதிக்காய், கோகோ, வாழை, மிளகு ஆகியவற்றை ஊடுபயிராக வளர்க்கின்றனர்; கறவை மாடுகளையும் பேணுகின்றனர். இவற்றின் அறுவடைக் காலம் வேறு. வாங்கும் சந்தையும் வேறு. ஒன்றின் விலை வீழ்ந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். எந்தப் பயிர் எந்த ஆண்டில் விலை போகும் என்பதை முன்கூட்டியே அறிய இயலாது என்னும் தெளிவே ஊடுபயிர் முறையின் அடிப்படை.

பரவல் முதலீடு

ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அந்நிறுவன உரிமையின் சிறு பகுதியைப் பெறுகிறார். நிறுவனம் வளர்ந்தால் அவரும் பயன் பெறுவார். அது சரிந்தால் அவரது பணமும் கரையும். 2009 ஜனவரி 7 அன்று, சத்யம் கணினி நிறுவனத்தின் கணக்குகள் பொய்யானவை என்பதை அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அந்த ஒரே நாளில் அதன் பங்குவிலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மறைந்தது. சேமிப்பு முழுவதையும் அதில் இட்டிருந்தவருக்கு அது பேரிழப்பு. சேமிப்பில் இருபதில் ஒரு பங்கை மட்டும் இட்டிருந்தவருக்கோ அது தாங்கக்கூடிய காயம்.

இவ்வாறு முதலீட்டைப் பல துறைகளிலும் பல நிறுவனங்களிலும் பிரித்து இடுவதே பரவல் முதலீடு. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹாரி மார்கோவிட்ஸ் 1952இல் இதனைக் கணிதமுறையில் விளக்கினார். 1990இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். முதலீடுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அவை ஒரே காரணத்தால் ஒருசேர வீழாதனவாக இருக்கவேண்டும் என்பதே அவர் காட்டிய உண்மை. பத்து வங்கிகளின் பங்குகளை வாங்குவது, ஒரே தோப்பில் பத்து வகைத் தென்னையை நடுவதற்கு ஒப்பாகும்.

தெரிந்து தெளிவோம்

மும்பைப் பங்குச்சந்தையின் குறியீட்டெண் 'சென்செக்ஸ்'. 30 பெரிய நிறுவனங்களின் பங்குவிலைகளைக் கொண்டு இது கணக்கிடப்படுகிறது. 1978–79ஆம் ஆண்டின் அளவு 100 எனக் கொள்ளப்பட்டது. பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் 'செபி' அமைப்பு 1992இல் சட்டப்படியான அதிகாரம் பெற்றது.

அனைத்தும் வீழும் காலம்

மழை பொய்த்தால் தென்னையோடு ஊடுபயிரும் வாடும். சந்தையிலும் அத்தகைய வறட்சி உண்டு. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்கும் கீழே இறங்கியது. பெருந்தொற்றுக் காலமான 2020 மார்ச் 23 அன்று, ஒரே நாளில் 13 விழுக்காட்டிற்கும் மேல் சரிந்தது. அந்நாள்களில் ஏறத்தாழ எல்லாத் துறைப் பங்குகளும் வீழ்ந்தன. எனவேதான் சேமிப்பின் ஒரு பகுதி வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, தங்கம் போன்றவற்றிலும் இருத்தல் வேண்டும்.

அச்சத்தால் அப்போது பங்குகளை விற்றவர்களின் இழப்பு உறுதியானது. பொறுத்திருந்தவர்கள், 2010 நவம்பரில் சென்செக்ஸ் மீண்டும் 21,000ஐ எட்டியதையும், 2021 ஜனவரியில் 50,000ஐத் தொட்டதையும் கண்டனர். எனினும், மீட்சி எப்போதும் விரைந்து வரும் என்பதற்கு உறுதியில்லை. ஜப்பானின் நிக்கெய் குறியீட்டெண் 1989இல் எட்டிய உச்சத்தை 2024இல்தான் கடந்தது. ஆகவே, அண்மையில் தேவைப்படும் பணத்தையோ கடன் வாங்கிய பணத்தையோ பங்குகளில் இடுதல் கூடாது.

ஒழுங்கின் பயன்

மாதந்தோறும் ஒரே தொகையை முதலீடு செய்வது ஒழுங்கின் எளிய வடிவம். ஒருவர் மாதம் ரூ.1,000 வீதம் நான்கு மாதங்கள் பரஸ்பர நிதியில் முதலிடுகிறார் எனக் கொள்வோம். ஓர் அலகின் விலை முறையே ரூ.50, 40, 25, 40 எனில், அவர் பெறுவன 20, 25, 40, 25 என மொத்தம் 110 அலகுகள். இறுதி விலையில் அவற்றின் மதிப்பு ரூ.4,400. முதல் மாதத்திலேயே ரூ.4,000 முழுவதையும் இட்டவரிடம் 80 அலகுகளே இருக்கும், மதிப்பு ரூ.3,200. விலை தொடர்ந்து ஏறினால் முன்னரே முழுத்தொகையையும் இட்டவருக்கே மிகுபயன் என்பதும் உண்மை. ஆயினும் எதிர்காலத்தைக் கணிக்க இயலாதவருக்கு இம்முறை நிதானத்தைத் தருகிறது.

கோகோவைக் கவாத்து செய்யாவிடில் அதன் கிளைகள் மிதமிஞ்சிப் படரும். அதுபோல், பங்குகளின் மதிப்பு திட்டமிட்ட அளவைக் கடந்து பெருகும்போது ஒரு பகுதியை விற்றுப் பிற முதலீடுகளில் சேர்த்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை இவ்வாறு சீர்செய்வது, முதலீடு ஒரே பக்கம் சாய்வதைத் தடுக்கும்.

கேட்கவேண்டிய வினா

கொங்கு மண்டலத்தில் ஈமு பறவை வளர்ப்பு ஒருகாலத்தில் பெரும் ஆசையைத் தூண்டியது. வைப்புத்தொகை செலுத்தினால் பறவைகளும் தீவனமும் மாதந்தோறும் பணமும் தருவதாகப் பெருந்துறை வட்டாரத்தில் விளம்பரங்கள் பெருகின. பறவை இறைச்சிக்குப் போதிய சந்தை உருவாகவில்லை. 2012இல் அத்திட்டங்கள் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தனர். நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் முதலிட்டவர்களின் துயர் பெரிது. ஏற்ற இறக்கமே இல்லாத உயர் வருவாய் என்று யாரேனும் உறுதியளித்தால், "இவ்வருவாய் எங்கிருந்து வருகிறது?" என வினவுதல் வேண்டும். விடை தெளிவாகக் கிடைக்காத இடத்தில் பணத்தை இடாதிருப்பதும் ஒழுங்கே.

சந்தையின் போக்கு எவர் கையிலும் இல்லை. எதில், எவ்வளவு, எத்தனை காலத்திற்கு முதலிடுவது என்பது மட்டுமே முதலீட்டாளரின் கையில் உள்ளது. மழையையும் விலையையும் ஆள இயலாத உழவர், தம் நிலத்தில் எதை நடுவது என்பதை ஆராய்ந்து முடிவெடுக்கிறார். முதலீட்டாளரும் கற்கவேண்டிய அறிவு அதுவே.