அடைக்கலம் புகுந்தவர் தந்த அடைக்கலம்

1948ஆம் ஆண்டு யூலை மாதம் 29ஆம் நாள், இலண்டன் மாநகரின் வெம்ப்ளி மைதானத்திலே ஒலிம்பிக் விளையாட்டு விழா கோலாகலமாக ஆரம்பமாயிற்று. போரின் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெறாதிருந்த விழா அது. அதே தினத்தில், எயில்ஸ்பரி நகரையடுத்த ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையின் புற்றரையில், சக்கர நாற்காலிகளில் அமர்ந்த 16 பேர் வில்லேந்தி அம்பெய்தனர். அவர்கள் முள்ளந்தண்டிற் காயமுற்றுக் கால்கள் செயலிழந்த முன்னாட் படையினர், இருவர் பெண்கள். இப்போட்டியை ஏற்பாடு செய்த வைத்தியர் பிறப்பால் ஆங்கிலேயரல்லர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மனைவியுடனும் இரு பிள்ளைகளுடனும் அகதியாய் அந்நாட்டை அடைந்த ஜேர்மானிய யூதர். லுட்விக் குட்மன் என்பது அவர் பெயர்.

குட்மன் 1899ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள், அன்று ஜேர்மனிக்கும் இன்று போலந்துக்கும் உரியதான சிலேசியாப் பகுதியிற் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த நாடு அது. 1917ஆம் ஆண்டில், சுரங்கத் தொழிலாளருக்கான வைத்தியசாலையொன்றில் அவர் உதவியாளராய்ப் பணியாற்றினார். அங்கே, முதுகெலும்பு முறிந்த இளந் தொழிலாளி ஒருவன் கொணரப்பட்டான். அவனைப் பற்றிய குறிப்புகளை எழுத முயன்ற குட்மனை மூத்த வைத்தியர் தடுத்தார். சில வாரங்களில் இறந்துவிடுபவனைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்றார். அவ்வண்ணமே ஐந்து வாரங்களுக்குள் அவன் மாண்டான். காயமன்று, கவனிப்பின்மையால் உண்டான நச்சுத் தொற்றே அவனைக் கொன்றது. அந்த மரணம் குட்மனின் நெஞ்சைவிட்டு நீங்கவேயில்லை.

1924ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், பிரெஸ்லௌ நகரில் நரம்பியல் நிபுணராக உயர்ந்தார். ஆனால், 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சி அமைந்ததும் யூத வைத்தியர்கள் பதவிகளினின்றும் நீக்கப்பட்டனர். குட்மன் அந்நகரின் யூத வைத்தியசாலையிற் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். 1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, யூதரின் தொழுகைத் தலங்கள் தீக்கிரையாயின. ஆடவர் ஆயிரக்கணக்கிற் கைதாயினர். வாயிலை நாடி வருவோர் எவரையும் வினவாது அனுமதிக்குமாறு குட்மன் கட்டளையிட்டார். அன்றிரவு 64 பேர் புகுந்தனர். மறுநாட் காலையில் கெஸ்டாப்போவினர் விளக்கம் கேட்டபொழுது, அவர் படுக்கை படுக்கையாக அவர்களை அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைக் கூறி வாதாடினார். அறுபதின்மர் காப்பாற்றப்பட்டனர்.

தமக்கோ காப்பில்லை என்பதை அவர் உணர்ந்தார். அவ்வாண்டு இறுதியில், போர்த்துக்கல் ஆட்சியாளர் சலசாரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் செய்யுமாறு ஜேர்மானிய அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பிற்று. திரும்பும் வழியில் இலண்டனில் தங்கியபோது, அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கத்தார் அவர் குடியேற வழிசெய்தனர். 1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குடும்பத்தோடு ஒக்ஸ்போர்ட் நகரை அடைந்தார். செப்டெம்பரில் உலகப் போர் மூண்டது.

புகுந்த நாட்டில் அவருக்கு உயிர் கிடைத்தது. உரிய பணி உடனே கிடைக்கவில்லை. பெரிய வைத்தியசாலையைத் தலைமை தாங்கி நடத்தியவர், ஒக்ஸ்போர்டிலே ஆராய்ச்சியளவில் அமைய வேண்டியிருந்தது. நோயாளரைத் தொட்டுக் குணப்படுத்தும் பொறுப்பின்றி ஆண்டுகள் கழிந்தன. இந்நிலையில் 1943ஆம் ஆண்டில், முள்ளந்தண்டுக் காயமுற்ற படையினருக்கென ஒரு நிலையம் அமைக்குமாறு பிரித்தானிய அரசு அவரைக் கேட்டது. பலரும் நம்பிக்கையற்றது எனக் கருதிய துறை அது. தம் முறைப்படி நடத்தும் உரிமையைக் கேட்டுப் பெற்று, அவர் அதனை ஏற்றார். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி நிலையம் திறக்கப்பட்டது.

அவர் கையாண்ட முறையில் மாயமொன்றுமில்லை. அசைவற்றுக் கிடக்கும் உடலில், ஒரே இடம் அழுந்துவதாற் படுக்கைப் புண் தோன்றும். சிறுநீர்த் தொற்று உண்டாகும். இவையே உயிரைக் கொள்வன. ஆகவே, இரண்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை, இரவும் பகலும், நோயாளரைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். கட்டளை நிறைவேறுகின்றதா என நள்ளிரவிலும் தாமே வந்து பார்த்தார். உயிர் தப்பினாற் போதாது, வாழவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே, தச்சுவேலையும் கடிகாரம் திருத்தும் வேலையும் கற்பிக்கப்பட்டன; விளையாட்டும் சிகிச்சையாயிற்று. கண்டிப்பு மிக்க அவரை நோயாளர் 'அப்பா' என்ற பொருள்பட 'பொப்பா' என அழைத்தனர்.

1945ஆம் ஆண்டில் அவர் பிரித்தானியப் பிரசையானார். 1952ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வந்து கலந்துகொள்ள, அவர் தொடக்கிய போட்டி சர்வதேச விழாவாயிற்று. 1960ஆம் ஆண்டில் ரோம் நகரிலே 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் போட்டியிட்டனர். இன்று பராலிம்பிக் என வழங்கும் விழாவின் முதலாவது அதுவேயாம். 1966ஆம் ஆண்டில் அவருக்கு 'சேர்' பட்டம் வழங்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் அவர் காலமானார்.

அகதி என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. அடைக்கலம் தேடிக் கடல் கடந்தோர் நம் குடும்பங்களிலே பலர். போரில் முள்ளந்தண்டு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்வோரும் நம் அயலிலே உளர். அகதியை ஏற்கும் நாடு அவனுக்கு ஈவது மட்டுமே கணக்கிற் கொள்ளப்படுகின்றது. அவனிடமிருந்து அது பெறுவது எண்ணப்படுவதில்லை. குட்மனை ஏற்ற நாடு, தன் போர்வீரரின் உயிரையே அவர் கையினின்றும் பெற்றது. தமக்கெனப் புதுமனை தேடி வந்தவர், மரணத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தோரை அவரவர் வீட்டுக்குத் திருப்பியனுப்பினார்.

1973ஆம் ஆண்டில், முள்ளந்தண்டுக் காயங்களையும் அவற்றின் சிகிச்சையையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. எழுதுவது வீண்வேலை என்று 1917இலே தடுக்கப்பட்ட இளைஞன், தன் எழுபத்துநான்காம் அகவையில் அதனை எழுதி முடித்திருந்தான்.