நின்று எரிந்த மோட்டார்

காவிரிக் கரையில் கரும்பும் வாழையும் செழிக்கும் மோகனூரில், கிணற்று மோட்டாரை நம்பி வாழும் எவருக்கும், மின்னழுத்தம் குறைந்த ஒரு கோடை மாலையில் அது சுழலாமல் உறுமித் திணறி, வார்னிஷ் கருகும் வாடையைப் பரப்பும் அந்தக் கொடிய நிமிஷம் நன்கு பரிச்சயமானதே. அந்த வாடையை அண்மையில் நான் வயலில் அன்று, காயில் கட்டும் கடை ஒன்றில் நுகர்ந்தேன். பொறியியல் படிக்கும் இளைஞன் ஒருவன், தன் சண்டை ரோபோவிலிருந்து கழற்றிய சிறிய டிசி மோட்டாரை மேஜைமேல் வைத்திருந்தான், கடைக்காரர் அதை முகர்ந்து பார்த்து, "ஓடி எரியலீங்க தம்பி, நின்னு எரிஞ்சிருக்குது" என்றார்.

சண்டை ரோபோவுக்கு மோட்டார் தேரும் வித்தையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாகவே நான் கருதுகிறேன். 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் போட்டியாக நடந்து, இன்று பம்பாய் ஐஐடியின் டெக்ஃபெஸ்ட் போன்ற விழாக்களில் இளைஞர் கூட்டத்தை ஈர்க்கும் இந்த யந்திர யுத்தத்தில், மோட்டார் வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட குதிரைத்திறனைப் பார்க்கிறார்களே அன்றி, அது தடுக்கப்பட்டு நிற்கும்போது என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

சுழலும் ஆர்மெச்சர் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே பாயும் மின்சாரத்தை அடக்கி வைக்கிறது. சுழற்சி நின்றால் அந்தக் காவலும் நின்றுவிடுகிறது. இளைஞனுடையதுபோல் உள்தடை 0.2 ஓம் உள்ள மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்து அச்சைப் பிடித்து நிறுத்தினால், பாட்டரி தாங்குமளவும் 120 ஆம்பியர் பாயும். 2,880 வாட் முழுவதும் உஷ்ணமாகும். ஏறக்குறைய மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சூடு, ஒரு கைப்பிடி அளவுச் செம்புக் கம்பிக்குள்!

"சக்கரம் எவ்வளவு பெரிசுங்க?" என்று கடைக்காரர் அடுத்துக் கேட்டது இளைஞனுக்கு வியப்பாயிருந்தது. இருபது சென்டிமீட்டர் விட்டம் என்றான். அவனுடைய 30 கிலோ யந்திரம் நல்ல ரப்பர்ப் பிடியுடன், உராய்வு எண் 0.8 என்று கொண்டால், 24 கிலோ விசையோடு தள்ளும். ஆரம் பத்து சென்டிமீட்டராகையால் 240 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு, அதை ஓட்டும் இரண்டு மோட்டார்களுக்கும் பகிர்ந்தால் தலைக்கு 120. பல்சக்கரத்தின் வழியே அந்த மோட்டார் நின்ற நிலையில் தரக்கூடியதோ 150 மட்டுமே. ஆகவே எதிரி அவனைச் சுவரோடு சாத்தியபோது, சக்கரம் வழுக்குவதற்கே ஐந்தில் நான்கு பங்கு உச்ச மின்சாரம் தேவைப்பட்டது. சக்கரத்தைப் பாதியாக்கினால் 60 போதும். மின்சாரம் 48 ஆம்பியராகி, உஷ்ணம் 460 வாட்டுக்கு இறங்கும். வேகமும் பாதியாகும் என்பது உண்மை. ஆயினும் சக்கரம் வழுக்கும்வரை மோட்டார் பிழைத்திருக்கும்.

1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதாகத் தொழில் வரலாறு கூறும். அந்தப் பரம்பரை ஞானம் நம் காயில் கடைகளில் இன்னும் ஜீவித்திருக்கையில், கல்லூரிகள் அதைத் தேடி வராதது எனக்குப் பெரும் மனத்தாங்கல்.

நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளில் மலிவாகக் கிடைக்கும் வைப்பர் மோட்டாரைப் பற்றியும் பேச்சு வந்தது. அதன் திருகுப் பல்சக்கரம், எதிரியின் பாரம் அழுத்தினாலும் எளிதில் பின்னோக்கிச் சுழலாது என்பதால் தூக்கும் கைக்கு அது உத்தமம். ஆனால் நிமிஷத்துக்கு ஐம்பது சுற்றென்றால், இளைஞனின் பெரிய சக்கரத்தோடும் யந்திரம் விநாடிக்கு அரை மீட்டரே நகரும்.

சண்டை ரோபோக்கள் ஏந்தும் சுழலும் ஆயுதத்தின் சுபாவம் வேறு. பழைய ஆயில் எஞ்சினின் கனத்த சக்கரம்போல அது விநாடிகள் எடுத்துச் சக்தியைச் சேமித்து, மோதும் க்ஷணத்தில் கொட்டிவிடுகிறது. வேகம் இரட்டித்தால் சேமிப்பு நான்கு மடங்கு. பிரஷ் இல்லாத மோட்டார்கள் இங்கே சிறப்பு எனினும், வோல்ட்டுக்குரிய சுற்றெண்ணிக்கை கூடக்கூட, ஆம்பியருக்குரிய முறுக்கு அதே விகிதத்தில் குறைகிறது. அவற்றின் சாதாரண நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் பலமிழக்கத் தொடங்கும். அவ்வாறு இழந்ததில் ஒரு பங்கு ஆறிய பின்னும் திரும்புவதில்லை.

கருகிய மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, பத்து சென்டிமீட்டர் சக்கரங்கள் கடைந்து வாங்க, இளைஞன் நாமக்கல் பஸ்ஸைப் பிடித்தான்.